யாரும் படிக்காத கட்டம்

எங்கள் இருவரில் யார் மூத்தவர் என்பது பதினோரு வருடமாகத் தீராத வழக்கு. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னை அண்ணே என்று கூப்பிடுவார். ஐம்பதைத் தாண்டிவிட்டோம் என்பதை இரண்டு பேரும் ஒப்புக்கொள்கிறோம். அதற்கு மேல் பிறந்த வருடத்தைச் சொல்ல இரண்டு பேருமே வாயைத் திறப்பதில்லை.

நான் வேன் ஓட்டுகிறவன். அவர் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து வாங்குகிறவர். சிகரெட் பிடித்ததுண்டா, புகையிலை மென்றதுண்டா, வேப் இழுத்ததுண்டா, முதல் தடவை எந்த வயதில், யார் கொடுத்தது, விட முயன்றதுண்டா, எத்தனை முறை. மொத்தம் நாற்பத்தாறு கேள்விகள். வேப் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பேட்டரியில் ஓடுகிற, விரல் நீளக் குழாய். நெருப்பு கிடையாது, சாம்பல் கிடையாது. இழுத்தால் பழ மிட்டாய் வாசனையோடு ஆவி வரும். பிள்ளை அதைப் பென்சில் பெட்டியில் போட்டு வைத்திருந்தால் பெற்றவளுக்கே தெரியாது. இதில் எத்தனை பிள்ளைகள் மாட்டியிருக்கிறார்கள் என்று வருடா வருடம் எண்ணிச் சொல்வது எங்கள் அலுவலகத்தின் வேலை.

இந்த வேலைக்கு வேன் ஓட்டும் நான் ஒரு நாளைக்குப் பதினைந்து சிகரெட் பிடிப்பவன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். வேனின் இரண்டு பக்கமும் சிகரெட்டின் மேல் பெருக்கல் குறி போட்ட படம் ஒட்டியிருக்கும். பள்ளிக்கு இரண்டு தெரு முன்னால், சுவரோரம் நிறுத்தி, அந்தப் படத்தின் மேலேயே சாய்ந்துகொண்டுதான் பற்ற வைப்பேன். அக்கா ஒரு நாளும் என்னை ஒன்றும் சொன்னதில்லை. "முடிச்சிட்டே வாங்கண்ணே, அவசரமில்ல" என்பார். திட்டினால் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டலாம். இப்படிச் சொல்கிற மனுஷியை என்ன செய்வது? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பள்ளிகளில் அவருக்குப் பென்சில் அக்கா என்று பெயர். பிள்ளைகளை அவரவர் பேனாவில் எழுதவிட்டால் ஒருவன் நீலத்தில் எழுதுவான், ஒருத்தி ஊதாவில் எழுதுவாள். தாளைப் பார்த்ததுமே ஊதாப் பேனாக்காரி யாரென்று வகுப்புக்கே தெரிந்துவிடும். அதனால் எல்லோருக்கும் அவரே பென்சில் கொடுப்பார். எல்லாம் பச்சை, எல்லாம் ஒரே நீளம். ஒன்று குட்டையாகிவிட்டால் மற்றவையும் அந்த அளவுக்கு இறங்க வேண்டியதுதான். இந்தச் சீவுகிற வேலை முழுக்க அவருடைய வீட்டுக்காரருக்கு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பாட்டு மேசையில் கைப்பிடி சுற்றுகிற பென்சில் துருவி ஒன்றைத் திருகி மாட்டிக்கொண்டு, மாலை வேளைகளில் நூற்றைம்பது பென்சில் சீவித் தள்ளுவார். "சில்லறைக்குச் சண்டை போடாத கூட்டம் இது ஒண்ணுதான்" என்று பென்சில்களைக் காட்டிச் சொல்வார்.

பெட்டிகளை வகுப்புவரை தூக்கிக்கொண்டு போவது நான் என்பதால் அக்கா வேலை செய்வதை வராந்தாவில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் ஆசிரியரை வெளியே அனுப்புவார். பிறகு ஒரு தாளை எடுத்து வாசிப்பார். "உங்கள் பெயரை எழுத வேண்டாம். இதை எழுதியது யார் என்று பள்ளிக்குத் தெரியாது, வீட்டுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது." பதினோரு வருடமாக அதே வரிகள். எனக்கே மனப்பாடம். அவர் மட்டும் ஒவ்வொரு முறையும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளைப் பார்த்துத்தான் வாசிப்பார்.

"எதுக்கு இன்னும் பாத்துப் படிக்கிறீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"மனப்பாடமா ஒப்பிச்சா, பிள்ளைங்களுக்கு நான் சும்மா சொல்றேன்னு தோணும்ணே."

வாசித்து முடித்ததும் கடைசி வரிசைக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். நாற்பது நிமிடம் அப்படியே நிற்பார். ஏதோ தப்புச் செய்து வாத்தியார் நிற்க வைத்த மாணவி மாதிரி இருக்கும்.

முதல் வருடத்திலேயே அவர் ஒன்றைக் கவனித்தார். எதையும் தொடாத பிள்ளை "இல்லை, இல்லை" என்று குறித்துவிட்டுப் பாதிக் கேள்விகளைத் தாண்டிப் போகலாம். பத்து நிமிடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிடும். பழக்கம் உள்ள பிள்ளைதான் எல்லாவற்றுக்கும் பதில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். யார் இன்னும் எழுதுகிறார்கள் என்று வகுப்பே திரும்பிப் பார்க்கும். பேர் எழுதாவிட்டால் என்ன, பென்சிலே காட்டிக்கொடுத்துவிடுகிறது. அன்றிலிருந்து அக்கா தாமாகவே ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டார். "முடித்தவர்கள் பென்சிலைக் கீழே வைக்காதீர்கள். நான் சொல்லும்வரை கடைசிக் கட்டத்தில் எதையாவது எழுதுங்கள், வரையுங்கள்."

கடைசிக் கட்டம் என்பது கேள்வித்தாளின் முடிவில், "வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால்" என்ற வரிக்குக் கீழே இருக்கும் வெற்றிடம். அதை யாரும் படிப்பதில்லை. அலுவலகத்தில் இருக்கும் ஸ்கேனர் கறுப்பாக்கிய வட்டங்களை மட்டும்தான் எண்ணும். எழுத்தெல்லாம் அதற்கு அழுக்கு.

ஆனால் தாள்கள் ஸ்கேனருக்குப் போவதற்கு முன்னால் கசங்கலை நீவி, சரியாக அழிக்காத கோடுகளை அழித்துக் கொடுக்க வேண்டும். அது அக்காவின் வேலை. அப்போது அவர் கடைசிக் கட்டங்களைப் படிப்பார். ஒன்று விடமாட்டார். பூனைகள், கெட்ட வார்த்தைகள், கால்பந்து அணிகள், அவரைப் பற்றியே கிண்டல், எல்லாவற்றையும் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பார். இதற்கா மெனக்கெட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நான் கேலி செய்வேன். ஒரு தடவை அப்படிக் கேட்டபோதுதான் தம் மகளைப் பற்றிச் சொன்னார்.

"எட்டாவது படிக்கிறப்போ என் பொண்ணுக்கு போர்டுல எழுதறது தெரியல. கண்ணாடி போட்டா எல்லாரும் கேலி பண்ணுவாங்கன்னு பயம். ஒரு வருஷம் பூரா பக்கத்துல இருக்கிற பிள்ளை நோட்டைப் பாத்தே எழுதியிருக்கா. மார்க்கு குறைஞ்சதுன்னு நான் அடிச்சேன்ணே. அடி வாங்கினாளே தவிர, சொல்லல. அவ ரஃப் நோட்டோட கடைசிப் பக்கத்துல 'எனக்குக் கண்ணு தெரியல'ன்னு எழுதி வச்சிருந்தா. வருஷம் முடிஞ்சு பழைய பேப்பருக்குப் போடறப்போதான் பாத்தேன்."

அந்த மகள் இப்போது வேறு ஊரில் நல்ல வேலையில் இருக்கிறாள், கண்ணாடியோடு. அக்காவுக்கு மட்டும் அது இன்னும் ஆறவில்லை. நான் அன்றோடு கேலியை நிறுத்திக்கொண்டேன்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், போன வருடம் நடந்த ஒன்றைச் சொல்லத்தான்.

ஆற்றுப்பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளி. செவ்வாய்க்கிழமை நாலு வகுப்புகளில் நூற்று நாற்பத்தொரு பிள்ளைகளிடம் வாங்கி வந்தோம். மறுநாள் மதியம் நான் அலுவலகத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அக்கா தாள்களை நீவிக்கொண்டிருந்தார். சட்டென்று கை நின்றுவிட்டது. எழுந்து ஜன்னல் பக்கம் போனார், திரும்பி வந்தார், தாளை என் பக்கம் நகர்த்தினார். குட்டி எழுத்து. கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்தில் வளைந்து ஏறியிருந்தது.

"எத்தனை முறை விட முயன்றீர்கள் என்ற கேள்விக்கு 'பத்துக்கு மேல்' என்பதுதான் கடைசி வட்டம். நான் பதினேழு முறை முயன்றேன். தலையணைக்குக் கீழே அது இல்லாவிட்டால் தூக்கம் வருவதில்லை. ஓடினால் மூச்சு வாங்குகிறது. வீட்டில் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. இதை யாராவது படிப்பீர்களா?"

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"யாருன்னு தெரியுமாக்கா?" என்றேன்.

"தெரியாது. தெரியவும் கூடாது." தாளைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஆனா கேட்டிருக்குண்ணே. யாராவது படிப்பீங்களான்னு கேட்டிருக்கு. பதில் போகலன்னா படிக்கலன்னுதானே அந்தப் பிள்ளை நினைக்கும்?"

அந்தப் பதற்றத்தில்தான், பதினோரு வருடத்தில் செய்யாத தப்பைச் செய்தார். பள்ளிக்கு போன் போட்டு, பிள்ளைகளோடு பேசுகிற ஆலோசகர் யாராவது அங்கே வருவதுண்டா என்று கேட்டார். அதோடு விட்டிருக்கலாம். தாள் கட்டின் மேல் எழுதியிருந்த வகுப்பைப் பார்த்து, "பத்தாவது சி பிரிவுக்கு எந்தக் கிழமை வருவாங்க?" என்று கேட்டுவிட்டார். வகுப்பின் பேரை வெளியே சொல்லக்கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. போனை வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. முகம் வெளிறிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை காலையில் அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் நேரில் வந்து நின்றார். உயரமான ஆள், வெண்கலக் குரல்.

"சி பிரிவுல என்னவோ கண்டுபிடிச்சிருக்கீங்க. அந்தத் தாளைக் குடுங்க. ரெண்டு வருஷம் அந்த வகுப்புக்கு மொழிப்பாடம் எடுத்தது நான்தான். ஒவ்வொரு கையெழுத்தையும் கண்ணை மூடிட்டே சொல்லுவேன்."

கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்தை எப்படிப் பார்ப்பார் என்று கேட்க என் நாக்கு துடித்தது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அடங்கிவிட்டேன்.

"தர முடியாதுங்க சார். யாருக்கும் தெரியாதுன்னு சொல்லித்தான் எழுத வச்சேன்."

"யாருன்னு தெரிஞ்சா நான் என்ன தூக்குலயா போடப்போறேன்? பெத்தவங்களைக் கூப்பிட்டுச் சொல்லுவேன். போன மாசம் பாத்ரூம்ல ஒண்ணு கிடைச்சுது. நாளைக்கு ஒரு பிள்ளை மயங்கி விழுந்தா என்னைத்தானே கேப்பாங்க?"

"கேப்பாங்க சார். உங்க பயம் எனக்குப் புரியுது. யாருன்னு தெரிஞ்சா உங்களுக்குத் தூக்கம் வரும். அந்தப் பிள்ளைக்குப் போயிடும்."

அவர் மேசையைத் தட்டினார். "சரி. திங்கட்கிழமை காலைல பிரேயர் முடிஞ்சதும் எல்லார் பையையும் கொட்டிப் பாக்கப் போறேன். சி பிரிவுல ஆரம்பிப்பேன்."

அவர் படியிறங்கிப் போன பிறகு நான் ஆத்திரத்தில் கத்தினேன். இந்த ஆள் உருப்படுவானா, இவனெல்லாம் ஒரு வாத்தியாரா என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவரை ஏண்ணே திட்டறீங்க. வகுப்பைக் காட்டிக்குடுத்தது நான். அந்தப் பிள்ளை என்னை நம்பி எழுதிச்சு."

அவர் அழுததை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

தண்ணீரைக் குடித்துவிட்டு, நூற்று நாற்பத்தொரு தாளையும் மறுபடி எடுத்தார். கடைசிக் கட்டங்களை முதலிலிருந்து படித்தார். இந்த முறை ஒரு வெள்ளைத் தாளில் பிள்ளைகளுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டே படித்தார். சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் அலுவலகத் தலைவியிடம் போனார். அவரை நாங்கள் பெரிய மேடம் என்போம். சிரிப்பை அளந்துதான் செலவழிப்பார்.

"பிள்ளைங்களுக்கு நாம எதுவும் அனுப்பறதுன்னா நம்ம ஆய்வை மேற்பார்க்கிற குழு கூடி அனுமதி தரணும். மூணு வாரம் ஆகும்" என்றார் பெரிய மேடம்.

"அடுத்த வெள்ளிக்கிழமையோட பள்ளி லீவு விட்டுடுவாங்க மேடம்."

பெரிய மேடம் கடிதத்தை வாங்கிப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒவ்வொரு பள்ளிக்கும் நாம நன்றிக் கடிதம் அனுப்பறோம்ல?" என்றார் கடைசியாக. "அதுக்குக் குழு அனுமதி உண்டு. நன்றியை நீட்டி எழுதக்கூடாதுன்னு எந்த விதியும் நான் பாக்கல. ஏதாவது வந்தா என் தலையில போட்டுக்கறேன்." கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "பூனைக்கு எழுதின பதில் நல்லா இருக்கு" என்றார்.

அந்தக் கடிதம் இதுதான்.

"அன்புள்ள பிள்ளைகளுக்கு,

நீங்கள் கடைசிக் கட்டத்தில் எழுதியதை எல்லாம் படித்தேன். நான் கேட்டுத்தானே எழுதினீர்கள், பதில் சொல்லாமல் இருந்தது என் தப்பு. இதோ சொல்கிறேன்.

பூனை வரைந்தவருக்கு: வால் பிரமாதம். மீசை இன்னும் கொஞ்சம் நீளலாம்.

என் தலைமுடி சாயமா என்று கேட்டவருக்கு: ஆமாம்.

நாற்பத்தாறு கேள்வி கொடுமை என்று எழுதியவருக்கு: நானும் அப்படித்தான் நினைக்கிறேன். மேலிடத்தில் சொல்லிப் பார்க்கிறேன்.

மின்விசிறி தலையில் விழுந்துவிடும் போல ஆடுகிறது என்றவருக்கு: பள்ளியில் சொல்லிவிடுகிறேன். அதுவரை தள்ளி உட்காருங்கள்.

சுவரைப் பார்த்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டவருக்கு: விரிசல்களை எண்ணுவேன். உங்கள் வகுப்பில் ஒன்பது.

தலைமையாசிரியர் தனக்குச் செய்த நல்லதை எழுதியவருக்கு: அவர் காதில் போட்டுவிடுகிறேன்.

இதை யாராவது படிப்பீர்களா என்று கேட்டவருக்கு: படித்தேன். மூன்று முறை படித்தேன். பதினேழு முறை விழுந்து பதினேழு முறையும் எழுந்த ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. பதினெட்டாவது முறை தனியாகப் போராட வேண்டாம். பள்ளிக்குப் பின்தெருவில் இருக்கிற கிளினிக்கில், வரும் வியாழக்கிழமை மாலை நாலு முதல் ஆறு வரை, இந்தப் பழக்கத்தை விட உதவுகிற நர்ஸ் ஒருவர் இருப்பார். இதோடு இருக்கும் பென்சிலைக் காட்டினால் போதும். பெயர் கேட்க மாட்டார். வீட்டுக்கோ பள்ளிக்கோ சொல்ல மாட்டார். அன்று நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்.

மற்றவர்களும் பென்சிலை வைத்துக்கொள்ளுங்கள். படம் வரையலாம்."

நர்ஸிடம் முன்கூட்டியே பேசிச் சம்மதம் வாங்கியிருந்தார். காய்ச்சல், இருமல் என்று எல்லோரும் போய்வருகிற கிளினிக் என்பதால், யார் உள்ளே போனாலும் தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் எங்கள் தொழிற்சாலை. அக்கா கடிதத்தை மடித்தார், நான் உறையில் போட்டேன், வீட்டுக்காரர் பென்சிலைச் செருகி ஒட்டினார். கண்டக்டர் விரல்கள் டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் ஓடின. கடைசியில் எண்ணிப் பார்த்தால் நூற்று நாற்பத்திரண்டு உறை.

"ஒண்ணு கூடுதலா இருக்குங்க" என்றேன்.

"முப்பது வருஷம் கண்டக்டர் வேலை பாத்தவன்யா நான். தலையை எண்ணினா தப்பாது" என்று சொல்லிவிட்டுத் துருவியைத் துடைக்க ஆரம்பித்தார். மிஞ்சிய உறையை அக்கா வேனில் ஸ்டியரிங்குக்கு முன்னால் செருகி வைத்தார். எனக்குச் சுருக்கென்றது.

திங்கட்கிழமை ஏழரை மணிக்கே பள்ளிக்குப் போய்விட்டோம். தலைமையாசிரியர் கையில் சாவிக்கொத்தோடு வராந்தாவில் நின்றிருந்தார். அக்கா கடிதத்தை முதலில் அவரிடம் கொடுத்தார். நின்றபடியே படித்தார். பூனையில் புருவம் ஏறியது, மின்விசிறியில் இறங்கியது. பிறகு ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

"நான் செஞ்ச நல்லதா? என்ன நல்லது? யார் எழுதினா?"

"அதையும் சொல்ல மாட்டேன் சார்."

"நல்லதுதானேம்மா எழுதியிருக்கு. சொன்னா என்ன?"

"நல்லதைச் சொன்னாலும் அந்தப் பிள்ளை உங்க முகத்தைப் பாக்க வெக்கப்படும். யாருக்கும் தெரியாதுன்னு சொன்னேன்ல."

அவர் வெகு நேரம் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பிள்ளைக்கு எப்போது என்ன செய்தோம் என்று யோசித்திருப்பார் போல. முகம் குழந்தை முகமாக மாறிப்போயிருந்தது. அந்த மனிதரை நான் அன்று அப்படித் திட்டியிருக்க வேண்டாம்.

"பையைக் கொட்டினா அந்தச் சாமான் கிடைச்சிடும் சார்" என்றார் அக்கா மெதுவாக. "வியாழக்கிழமை அந்தப் பிள்ளை கிளினிக்குக்குப் போகாது. இந்த ஒரு வாரம் மட்டும் விடுங்க. நான் செஞ்ச தப்புக்கு அந்தப் பிள்ளை அடிபடக் கூடாது."

தலைமையாசிரியர் சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டார். "எல்லாருக்கும் ஒரே மாதிரி உறைதானே?" என்று கேட்டு வாங்கி, நாலு வகுப்புக்கும் அவரே கொண்டுபோனார். அன்று பிரேயரில் மைக்கில் பேசியபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்காவை வீட்டில் இறக்கிவிட்டேன். வழக்கமாக இறங்கியதும் போய்விடுவார். அன்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போகுமாண்ணே?"

"போகும்க்கா."

"நான் அங்க போய் எதிர்க்கடையில நின்னாக்கூடத் தெரிஞ்சிடும், இல்ல?"

"தெரிஞ்சிடும். ஆனா வரமாட்டேன்னு எழுதிட்டீங்க."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். நான் வேனைத் திருப்பிக்கொண்டு போனேன். எங்கே போனேன் என்பது இருக்கட்டும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் அந்த நர்ஸ் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. அக்காவின் மேசையில் அதைக் கவிழ்த்தார். பச்சைப் பென்சில்கள் உருண்டன.

"வந்தவங்க எல்லாரும் காட்டிட்டு அங்கயே விட்டுட்டுப் போயிட்டாங்க. பதினொண்ணு" என்றார்.

ஒரு பிள்ளை, அந்த ஒரே ஒரு பிள்ளை வந்துவிட வேண்டும் என்றுதான் ஒரு வாரமாகத் தவித்திருந்தார். பதினோரு பேர் என்பது அவர் நினைத்தே பார்க்காத எண்ணிக்கை. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் ஒரே நீளம், ஒரே பச்சை. எது யாருடையது என்று சொல்ல அவராலேயே முடியாது.

ஒன்றில் மட்டும் சின்னக் காகிதம் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. பிரித்தார். அதே குட்டி எழுத்து.

"பதினெட்டு. இன்றோடு ஆரம்பம். படித்ததற்கு நன்றி."

அக்கா அந்தத் துண்டுக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அழுதுகொண்டே சிரித்தார். நர்ஸும் அழுதார். நான் ஆம்பளை, அலமாரியில் எதையோ தேடுவது போலத் திரும்பிக்கொண்டேன். பிறகு அக்கா அந்தக் காகிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். கையெழுத்து இருக்கிறதல்லவா.

மதியம் வேறொரு பள்ளிக்குக் கிளம்பினோம். இரண்டு தெரு முன்னால் வழக்கமான சுவர் வந்தது. பழக்கத்தில் வேகம் தானாகக் குறைந்தது.

"முடிச்சிட்டே வாங்கண்ணே, அவசரமில்ல" என்றார் அக்கா, பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டே.

"இன்னைக்கு வேண்டாம்க்கா" என்றேன். "நேரா போயிடலாம்."

அவர் நிமிர்ந்தார். ஸ்டியரிங்குக்கு முன்னால், உறை செருகியிருந்த இடம் காலியாக இருந்தது. அதைப் பார்த்தார். நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காது இரண்டும் சுட்டது. கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன், கேட்க மாட்டார் என்றும் தெரிந்தது. பதினோரு வருடத்தில் அவர் யாரிடமும் நீயா என்று கேட்டதில்லை.

கையை நீட்டி என் தோளை ஒரு தடவை தட்டினார்.

"சரி, போலாம் தம்பி" என்றார்.

வழக்கு அன்றோடு முடிந்தது.